கதிர்காமத்துக்கு நேர்ந்த முடி

மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்ட அன்று, என் வாயில் ஒரு சொட்டு எச்சில்கூட இல்லை. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் மண்டபம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுருட்டிய பஞ்சு ஒன்றைக் கன்னத்துக்குள் அதக்கி, ஆடு மாதிரி மென்று வெளியே எடுத்தேன். போன மாதிரியே திரும்பி வந்தது. வேண்டுமானால் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஹோர்மோன்களையும் மன அழுத்தத்தையும் ஆராய்பவர்கள் கூடிய கூட்டம் அது. பதற்றம் வந்தால் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் ஏறும். எச்சிலில் அதைப் பார்க்கலாம். ஒரு மனிதனை நாலு பேர் முன்னால் பேச விட்டாலே போதும், ஏறிவிடும். அதனால் கூட்டத்தை நடத்தியவர்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பேசுகிறவர்கள் விரும்பினால் பேச்சுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எச்சில் கொடுக்கலாம். விரும்பியவன் நான் ஒருவன்தான். கை தூக்குவது எனக்கு ஒரு வியாதி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே கை தூக்கி, எழும்பி நின்று முழித்தவன் நான்.

பஞ்சை வாங்கிய பிள்ளை, "என்ன சேர், பயமா?" என்று கேட்டது.

"பயமில்ல, வறட்சி," என்றேன். "எங்க பக்கம் இன்னும் மழை தொடங்கல."

முன்வரிசை சிரித்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது. காரணம் மேடை இல்லை. சற்று முன்னால், தேநீர் இடைவேளையில், பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து என் அக்கா ஃபோன் பண்ணியிருந்தாள். அன்று அவள் புருஷனுக்கு, என் மச்சானுக்கு, அங்கே ஆபரேஷன்.

"தம்பி, எங்கடா இருக்க?"

"கூட்டத்துலக்கா. இப்ப பேசப் போறேன். மச்சான உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. நான் விடல."

"விடலன்னா?"

"அன்னைக்கு என் முடிய வெட்டிட்டுப் போனியே, அது எங்கடா இருக்கு?"

ஆபரேஷனுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. "இங்கதான் இருக்கு, பெட்டியில. ஏன்க்கா?"

"அத எடுத்துட்டு வா. அது என் கைக்கு வராம அவர் மேல கத்தி வைக்க விடமாட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்து, படித்து, தேய்ந்து, கடைசியில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். என் மேடம், அதாவது எங்கள் ஆய்வை நடத்தும் சிங்களப் பேராசிரியை, தோட்டத்துப் பெண்களின் மன அழுத்தத்தை அளக்க விரும்பினார். எச்சில் அந்த நேரத்துக் கதையைத்தான் சொல்லும். முடி அப்படியில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் வளர்வதால், தலைத்தோலை ஒட்டிய மூன்று சென்டிமீற்றரில் கடந்த மூன்று மாதத்து வேதனை அப்படியே தங்கியிருக்கும். பின்மண்டையில் பென்சில் தடிப்புக்கு ஒரு கற்றை வெட்டி, வேர்ப்பக்கம் நூலால் கட்டி, அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பிறகு ஆய்வுகூடத்தில் அதை நறுக்கி மாவாக அரைப்பார்கள்.

கேட்க லேசாக இருக்கிறதல்லவா? எங்கள் தோட்டத்தில் போய் ஒரு பொம்பளையிடம் "முடி கொஞ்சம் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். தலை சீவும்போது உதிர்ந்த முடியைக்கூடச் சுருட்டிக் கண்ணில் படாத இடத்தில் வைப்பவர்கள் அவர்கள். அடுத்தவன் கையில் அகப்பட்டால் சூனியம் வைத்துவிடுவான். பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் அந்த அறையில், மேடத்தோடு நான் கத்தரிக்கோலும் கையுமாக நின்றபோது, வாசலில் கூடிய பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

"என்ன தம்பி, சலூன் தொறந்துட்டியா?"

"தன் தலையில உள்ளதக் காப்பாத்தத் தெரியல, நம்ம தலைக்கு வந்துட்டாரு."

அது என் உச்சந்தலையைப் பற்றியது. அங்கே முடி நின்று சில வருடங்களாகிவிட்டன. நான் தலையைத் தடவிக்கொண்டு இளித்தேன். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கா வந்தாள். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"என் தம்பிதானே. வெட்டு."

நான் கொண்டுபோன நூல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா தன் சேலைக் கரையிலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவித் தந்தாள். அதால் கட்டி, தாளில் சுற்றி, இலக்கம் ஒன்று என்று எழுதினேன். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த முடியைத்தான் இப்போது ஃபோனில் திருப்பிக் கேட்டாள்.

"அவருக்குக் குடல் எறங்கியிருக்குன்னு சொன்ன அன்னைக்கே கதிர்காமத்துக்கு நேந்துட்டேன்டா. நல்லபடியா வீடு திரும்பினா தலமுடிய எறக்குறேன்னு. நேந்த முடியில கத்திரி படலாமா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"எப்படிடா சொல்றது? உன் மேடம் நிக்கிறாங்க. அத்தன பேரும் என் மூஞ்சியவே பாக்குறாளுக. நான் மாட்டேன்னா ஒருத்தியும் குடுத்திருக்க மாட்டா. உன் மூஞ்சி சுண்டிப் போயிருக்கும். சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். இப்ப அவர் தியேட்டருக்குப் போற நேரத்துல நெஞ்சு அடிச்சுக்குது. முழுசாத் தாறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டு, ஒரு கத்தைய வெட்டிக் குடுத்திருக்கேன். அவர் உள்ள போயி ஏதாச்சும் ஆச்சுன்னா?"

மச்சான் தோட்டத்தில் கொழுந்துச் சாக்குத் தூக்கி லொறியில் ஏற்றுகிறவர். இறங்கிய குடல் இறுகி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை, சளி, தடிமல் பிடித்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த முறை எப்போது என்று வார்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் மச்சான்தான். ஆனால் அவர் இத்தனை வருடத்தில் அக்கா தலையசைக்காமல் ஒரு சட்டைகூட வாங்கியதில்லை.

"எப்ப உள்ள எடுப்பாங்க?"

"மத்தியானத்துக்குப் பொறகாம். நீ வராட்டி நான் இவரக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன்."

அக்கா வெறும் வாய்க்குச் சொல்கிறவள் இல்லை. நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மேடத்தைத் தேடினேன். அவர் வெளிநாட்டு விருந்தாளியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் முடியில் ஹோர்மோன் அளப்பதில் பெரிய ஆள். எங்கள் முடிப் பெட்டியைத் தன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகத்தான் வந்திருந்தார். பெட்டியை அன்று காலையிலேயே அவரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. ஒப்படைத்தவன் அடியேன். படம்கூடப் பிடித்தார்கள்.

மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆய்விலிருந்து விலகுகிறாரா?" என்று கேட்டார்.

"விலகல மேடம். முடிய மட்டும் கேக்குறாங்க."

"அதற்குப் பெயர்தான் விலகுவது." அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கள் பகிடி பண்ணவில்லையே?"

"இல்ல மேடம்."

"உங்கள் பேச்சு முடிந்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம்." அதற்குள் மணி அடித்தது. யாரோ வந்து மேடத்தை அழைத்துக்கொண்டு போனார்கள். என் கையில் பஞ்சைத் திணித்தார்கள்.

ஆக, வறண்ட வாயோடு மேடை ஏறினேன். திரையில் போட்ட முதல் படங்களுக்கு வழக்கமான பகிடிகளைச் சொன்னேன். மலையேறி வந்த எங்கள் மோட்டார் சைக்கிள், கத்தரிக்கோலைப் பார்த்து அழுத குழந்தைகள், என் மொட்டை. மண்டபம் நன்றாகச் சிரித்தது. வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, கண் பின்சுவரில் இருந்த கடிகாரத்திலேயே இருந்தது. பிறகு அந்தப் படம் வந்தது. நானே பெருமையாகச் செய்தது. தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரி: முடி கொடுத்தவர்களில் ஒருவரும் விலகவில்லை.

நான் நின்றுவிட்டேன். மண்டபமும் காத்திருந்தது.

"இது காலையில் சரியாக இருந்தது," என்றேன். "தேநீர் இடைவேளையில் ஒருவர் விலகிவிட்டார். முடியைத் திருப்பிக் கேட்கிறார்."

குபீரென்று சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். நான் மறுபடி, "உண்மையாகத்தான் சொல்கிறேன்," என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவன் ஒரு நாள் மெய்யைச் சொன்னால் இதுதான் கதி. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்தார்.

பேச்சை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. இறங்கி மேடத்திடம் போவதற்குள் விருந்தாளி மேடையில் இருந்தார். அடுத்தது அவருடைய செய்முறை. முடியை எப்படி அளந்து நறுக்கி அரைப்பது என்று எல்லாருக்கும் காட்டப்போகிறார். மேசையில் தராசு, கத்தரிக்கோல், சின்னதாக ஒரு அரைக்கும் இயந்திரம். மேசைக்கு மேலே கமரா. அதில் தெரிவது பின்னால் திரையில் பெரிதாகத் தெரியும்.

"மாதிரிகளை மலைத்தோட்டங்களிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள்," என்று எங்கள் பெட்டியைத் திறந்தார். "செய்முறைக்கு எதுவானாலும் பரவாயில்லை. முதலாவதையே எடுப்போம்."

முதலாவது! ஸ்டூலில் முதலில் வந்து உட்கார்ந்தவள் யார்?

தாள் பிரிந்தது. திரையில் கைத்தடி தடிப்புக்கு அக்காவின் முடி. வேர்ப்பக்கம் கயிறு மாதிரி அந்தச் சிவப்பு இழை. விருந்தாளி அளவுகோலை வைத்தார். மூன்று சென்டிமீற்றரில் ஊசியால் குறி போட்டார். கத்தரிக்கோலை எடுத்தார். திரையில் அதன் வாய் ஒரு முதலை மாதிரித் திறந்தது.

"நிப்பாட்டுங்க!"

ஆங்கிலக் கூட்டத்தில் தமிழில் கத்தியிருந்தேன். சிலர் அதற்கும் சிரித்தார்கள், இவன் இன்னும் முடிக்கவில்லை என்று. விருந்தாளி மட்டும் கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். நான் நாற்காலிகளுக்கு இடையில் யாருடைய கால்களையோ மிதித்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

"அந்த முடியின் சொந்தக்காரர் விலகிவிட்டார்," என்றேன், இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

"எப்போது?"

"இன்று காலை."

"என்னிடம் யாரும் சொல்லவில்லையே?" கோபப்படவில்லை, நியாயமாகத்தான் கேட்டார்.

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "சொன்னார். இந்த மேடையிலேயே சொன்னார். நாம்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்."

விருந்தாளி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, முடியை மறுபடி தாளில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். பிறகு மேசையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பாவம், தராசும் இயந்திரமும் சும்மா நின்றன. என் வியாதி என்னைச் சும்மா விடுமா? கையைத் தூக்கிவிட்டேன்.

"என்னுடையதை வெட்டுங்கள்."

தலையைக் கமராவுக்குக் கீழே குனிந்தேன். திரையில் என் உச்சி பண்டாரவளை விளையாட்டு மைதானம் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளி மரியாதையான மனிதர். விரலால் அங்கும் இங்கும் தேடி, "வழக்கமான இடத்தில் சற்று... சிரமம்," என்றார். கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு தோப்பைக் கண்டுபிடித்து வெட்டினார். அவர் நூல் கட்டும்போதே நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டாவது பஞ்சோடு அந்தப் பிள்ளை படி வரைக்கும் துரத்தி வந்தது.

பதுளை பஸ் எல்ல சந்தியில் போய் நின்றது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய வேன்கள் பாதையை அடைத்துக்கொண்டிருந்தன. அக்காவுக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் வந்த கண்டக்டர் என் காதோரத்தைப் பார்த்தார்.

"என்னங்க, சலூன்காரரோட சண்டையா? பாதியில எழும்பி வந்துட்டிங்க?"

"ஆமாங்க, அவசரம்."

"தெரியுது, தெரியுது," என்றார்.

தெமோதரை தாண்டும்போது எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. நான் பிந்திப்போய், அதற்குள் மச்சானை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால்? மடுல்சீமைப் பாதை இருக்கிற லட்சணத்தில், இறங்கின குடலோடு ஒரு மனிதனைப் பஸ்ஸில் குலுக்கி ஏற்றுவது என்றால்? அல்லது, பொறுக்க முடியாமல் உள்ளே விட்டிருந்து, உள்ளே ஏதாவது ஆகியிருந்தால்? அப்போது ஆயுசுக்கும் அவளுக்குக் காரணம் என் கத்தரிக்கோல்தான். மனப் பதற்றத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஸீற்றில் எனக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை. வாயில் எச்சில் மட்டும் இன்னும் வரவே இல்லை.

வார்ட் வாசலில் தள்ளுவண்டி நின்றது. பச்சை உடுப்போடு மச்சான் அதில் மல்லாந்திருந்தார். அக்கா வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தாதி சிங்களத்தில், "அம்மா, கையை விடுங்க. இப்ப இல்லாட்டி அடுத்தவரை எடுப்பாங்க," என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் என்னைக் கண்டதும், "வா மாப்ள. இவ என்னைய உள்ளயும் போக விடமாட்டேங்கிறா, ஊட்டுக்கும் விடமாட்டேங்கிறா. நானும் காலையிலருந்து இப்படியே கெடக்கேன், பட்டினியா," என்றார்.

பொட்டலத்தை நீட்டினேன். அக்கா அதைப் பிரித்து முதலில் சிவப்பு இழையைப் பார்த்தாள். பிறகு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவினாள்.

"வெட்டலயே?"

"வெட்டல. அப்படியே இருக்கு."

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து, கற்றையை உள்ளே வைத்துச் சுருட்டி, இறுக்கி முடிந்தாள். அதன் பிறகுதான் வண்டிக்கு வழிவிட்டு விலகி நின்றாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் மச்சானிடம்.

அவர் படுத்தபடியே தாதியிடம் கை நீட்டினார். "பேனையத் தாங்க மிஸ். அவ சரின்னுட்டா."

கதவு மூடியது. நாங்கள் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காவின் கை அடிக்கடி கொண்டைக்குப் போய் வந்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் எழும்பினோம். யாரோ வேறு ஆள். மறுபடி உட்கார்ந்தோம். வெளியே வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று அக்கா என் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னாடா இது? எலி கடிச்ச மாதிரி?"

சொன்னேன். திரை, முதலை, மைதானம், தோப்பு எல்லாவற்றையும். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மச்சான் உள்ளே இருக்கும்போது சிரிப்பது குற்றம் போல. பொத்தியபடியே அழுதாள். நான், "உன் முடிக்கு என் முடி சரியாப் போச்சுக்கா," என்றேன்.

"உன்கிட்ட இருந்ததே அவ்வளவுதானேடா, பாவி."

அப்போதுதான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாதி, "எல்லாம் சரி. இப்ப தண்ணி மட்டும் குடுத்திராதீங்க," என்றார். மச்சான் கண்ணைப் பாதி திறந்து எங்களைத் தேடினார்.

"முடி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

அக்கா நேர்ந்தபடியே கதிர்காமம் போய் முடி இறக்கினாள். சிவப்பு இழை கட்டிய கற்றையும் மற்ற முடியோடு சேர்ந்து போனது. மேடம் அந்த விருந்தாளியிடமிருந்து பெட்டியைத் திருப்பி வாங்கிவிட்டார். "எல்லாரிடமும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான்," என்று சொல்லிவிட்டாராம். அவர் வெறுங்கையோடு விமானம் ஏறினார், என் காதோரத்து முடியை மட்டும் வைத்துக்கொண்டு. அதில் எவ்வளவு கோர்ட்டிசோல் இருந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, மச்சான் பாரமில்லாத வேலைக்குத் திரும்பிய பிறகு, நாங்கள் பெட்டியோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போனோம். மேடத்தைத் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே நின்றேன். இந்த முறை கத்தரிக்கோலை வெளியே எடுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி," என்றேன். "யாராச்சும் நேந்த முடியக் குடுத்திருக்கிங்களா?"

ஒருத்தி அடுத்தவளைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து ஒருத்தி வெட்கத்தோடு எழும்பி வந்து கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மூன்று பேர் ஒன்றாக.

"ஏங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"உங்க அக்காவே குடுத்துச்சு. நாங்க என்னான்னு மாட்டேங்கிறது?"

பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டி நன்றாக இலேசாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, அக்கா முக்காட்டை எடுத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மொட்டை முழுக்கக் குட்டை முடி, கறுகறுவென்று. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூன்று சென்டிமீற்றரைத் தாண்டியிருந்தது.

"நேந்திருக்கியாக்கா?"

"இல்ல."

"நெசமா? மாரியம்மனுக்கு?"

"இல்லடா."

"மச்சான் இருமினாருன்னு எதாச்சும்?"

"இது யாருக்கும் நேராத முடி, என்னோடது. இப்ப வெட்டப்போறியா, இல்ல நான் கொழுந்துக்குப் போகவா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா சேலைக் கரையிலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள்.